பழைய டீசல் காரும் மைலேஜ் கணக்கும்

(பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக உபன்யாசம் நடக்கும். அல்லது டாக்டர் ஒருவர் சர்க்கரை வியாதியைப் பற்றிச் சொல்வார். இல்லாவிட்டால் வங்கியிலிருந்து ஒருவர் வந்து டெபாசிட் வட்டியை விளக்குவார். இந்த முறை செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "கார் மைலேஜைப் பற்றிப் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார். நான் மோட்டார் எஞ்சினீயர் அல்ல. பி.எஸ்ஸி.யில் பௌதிகம் படித்தவன். பிறகு 34 வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன். படிப்பும் உத்தியோகமும் சேர்ந்து எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒன்று உண்டு. யாராவது ஓர் எண்ணைக் காட்டினால், அது எப்படி அளக்கப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்விதான்.

இதை இங்கே பேசக் காரணம் இருக்கிறது. நம் உறுப்பினர்களில் பலர் ரிடையரான பிறகு, கையில் வந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஒரு செகண்ட் ஹாண்ட் கார் வாங்க நினைக்கிறார்கள். பிள்ளை அமெரிக்காவில், பெண் சிங்கப்பூரில். ஆஸ்பத்திரிக்கும் கோவிலுக்கும் போய்வர ஒரு வண்டி வேண்டும். சந்தையில் சின்ன டீசல் கார்கள் நிறையக் கிடைக்கின்றன. மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலோடு டீசல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பாரத் ஸ்டேஜ் 6 விதி அந்த மாதம் அமலுக்கு வந்ததும், சின்ன வண்டியில் டீசல் கட்டுப்படியாகாது என்று பல கம்பெனிகள் விலகிக்கொண்டன. ஆகவே இன்று சின்ன டீசல் கார் என்றால் பெரும்பாலும் பழைய கார்தான். விற்பவர் முதலில் சொல்லும் வார்த்தை, "சார், கம்பெனி மைலேஜ் 23, 25". அந்த எண்ணை நம்பி மூன்று, நான்கு லட்சத்தைக் கொடுக்கலாமா என்பதுதான் விஷயம்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்கிற மோட்டார் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1966-ல் ஏற்பட்டது. விளம்பரங்களில் "ஏ.ஆர்.ஏ.ஐ. சான்றளித்த மைலேஜ்" என்று போடுகிறார்களே, அந்த நிலையம். சோதனை ரோட்டில் நடப்பதில்லை. அறைக்குள் பெரிய உருளைகள் மேல் காரை நிறுத்துகிறார்கள். சக்கரம் சுழலும், கார் இருந்த இடத்திலேயே இருக்கும். காற்றின் தடை, வண்டியின் எடை ஆகியவற்றுக்கு ஈடாக உருளைகள் எதிர்ப்புக் கொடுக்கும். எதிரே திரையில் ஒரு கோடு ஓடும். எந்த விநாடியில் எந்த வேகம் என்று அது சொல்லும். பழகிய டிரைவர் அந்தக் கோட்டை அப்படியே பின்பற்றி ஓட்டுவார்.

மொத்தம் 1,180 விநாடிகள், அதாவது 20 நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. தூரம் பத்தரை கிலோமீட்டர் சுமார். முதல் பகுதி நகர ஓட்டம்: 195 விநாடி கொண்ட ஒரு சுற்றை நான்கு தடவை ஓட்டுவது. அதில் உச்ச வேகம் 50. இரண்டாவது பகுதி ஊருக்கு வெளியே ஓட்டுவது போல; அதில் உச்ச வேகம் 90. ஏ.சி. போடுவதில்லை. பேச்சின் நடுவே ஒரு கணக்கு: இருபது நிமிஷத்தில் பத்தரை கிலோமீட்டர் என்றால் சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு டீசல் செலவானது என்பதையும் டாங்கில் குச்சி விட்டுப் பார்ப்பதில்லை. சைலன்சரிலிருந்து வரும் புகையைப் பைகளில் பிடித்து, அதில் எவ்வளவு கரி இருக்கிறது என்று அளக்கிறார்கள். டீசலில் உள்ள கரி எரிந்த பிறகு எங்கும் மறைந்து போகாது. கரியமில வாயுவாகவும் இன்னும் சில வாயுக்களாகவும் வெளியே வந்தாக வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.6 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வரும். டீசலே ஒரு லிட்டர் 830 கிராம் சுமார்தானே, 2.6 கிலோ எப்படி வரும் என்று மாமிகள் கேட்கலாம். மீதி காற்றிலிருந்து சேரும் பிராணவாயுவின் எடை. வெளியே வந்ததை அளந்து உள்ளே போனதைக் கண்டுபிடிக்கும் இந்த முறை சுத்தமான விஞ்ஞானம். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆகவே ஏ.ஆர்.ஏ.ஐ. எண் பொய் அல்ல. அந்த அறையில், அந்தக் கோட்டின்படி, அந்தப் புதுக் கார் கொடுத்த விடை அது. எல்லாக் கார்களுக்கும் ஒரே பரீட்சை வைத்தால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். பரீட்சை மார்க்கைப் பார்த்துப் பையன் குடும்பத்தை எப்படி நடத்துவான் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

நம் ரோடு எப்படி?

சோதனைக் கோட்டில் நின்ற இடத்திலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 விநாடி கொடுக்கிறார்கள். சம்பிகே ரோடில் சிக்னல் விழுந்த பிறகு 26 விநாடி எடுத்துக்கொண்டு 50-ஐத் தொட்டுப் பாருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரனாலேயே நம்மைத் தள்ளிவிடுவார். டாம்டாம் என்ற நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ல் பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் போகச் சராசரியாக 29 நிமிஷம் 10 விநாடி ஆனது. அதாவது மணிக்கு 20 கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய வேகம். சோதனையில் 32, நமக்கு 20. வித்தியாசத்தில் பெரும் பகுதி இங்கேயே இருக்கிறது.

ஏன் என்று பார்க்கலாம். பிரேக் போடும் ஒவ்வொரு முறையும், டீசலைக் கொடுத்து வாங்கிய வேகத்தைச் சூடாக மாற்றிக் காற்றில் விடுகிறோம். அடுத்த நிமிஷம் அதே வேகத்தை மறுபடி டீசல் கொடுத்து வாங்குகிறோம். நிற்கும்போதும் எஞ்சின் சும்மா இருப்பதில்லை. ஒரு சின்ன டீசல் எஞ்சின் நின்றபடியே ஒரு மணி நேரம் ஓட அரை லிட்டர் போலக் குடிக்கும், ஏ.சி. போட்டால் இன்னும் கூடும். அந்த அரை லிட்டரில் நகர்ந்த தூரம் பூஜ்யம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாருதி ஸ்விஃப்ட் டீசலுக்கு 2011-ல் வந்த மாடலில் 22.9 என்று எண். 2014-ல் 25.2 ஆனது. 2018-ல் வந்த புது மாடலில் 28.4. எஞ்சின் அடிப்படையில் அதே 1.3 லிட்டர் டீசல் எஞ்சின்தான். டியூனிங் மாறியது, பிறகு வண்டியின் எடை குறைந்தது, எண் ஏறியது. முன்னேற்றம் உண்மைதான். ஆனால் சில்க் போர்டு ஜங்ஷன் மாறவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம். நம் சோதனைக் கோடு ஐரோப்பாவின் பழைய கோட்டைத் தழுவியது. அங்கே ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு அமைப்பு வருஷா வருஷம் கணக்குப் பார்த்தது. சோதனை அறைக்கும் ரோட்டுக்கும் இருந்த வித்தியாசம் 2001-ல் சுமார் 9 சதவீதம். 2015-ல் சுமார் 42 சதவீதம். ரோடு மோசமானதாலா? இல்லை. கம்பெனிகள் பரீட்சைக்குப் படிக்கக் கற்றுக்கொண்டன. அதனால்தான் 2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பா கடினமான புதுச் சோதனைக்கு மாறியது. அதற்குப் பிறகும் வித்தியாசம் போகவில்லை. 2021-ல் பதிவான கார்களிலேயே உள்ள மீட்டர்களைப் படித்து ஐரோப்பிய ஆணையம் 2024-ல் சொன்னது: டீசல் கார்கள் சுமார் 18 சதவீதமும் பெட்ரோல் கார்கள் சுமார் 24 சதவீதமும் சோதனை எண்ணைவிட அதிகம் குடிக்கின்றன.

அறைக்கும் ரோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்தவர்களில் நம் பக்கத்துப் பிள்ளைகள் இருவர் உண்டு என்பதைச் சந்தோஷத்தோடு சொல்கிறேன். அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்ற தமிழரும், பெங்களூரைச் சேர்ந்த ஹேமந்த் கப்பண்ணாவும் இருந்தார்கள். டீசல் காரின் பின்புறத்தில் புகை அளக்கும் கருவியை ஏற்றி, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிப் பார்த்தார்கள். அறையில் சாதுவாக இருந்த ஃபோக்ஸ்வேகன் கார் ரோட்டில் பல மடங்கு நைட்ரஜன் ஆக்ஸைடு கக்கியது. அதன் தொடர்ச்சியாக 2015 செப்டம்பரில் அந்தக் கம்பெனியின் குட்டு வெளிப்பட்டது. அது மைலேஜ் விவகாரம் அல்ல, புகை விவகாரம். அங்கே நடந்தது வேண்டுமென்றே செய்த மோசடி. மைலேஜ் எண்ணை அந்த ரகத்தில் சேர்க்கக் கூடாது. ஆனால் பாடம் ஒன்றே: ரோட்டில் அளந்தால்தான் ரோட்டின் விடை கிடைக்கும்.

சென்னை போய் வந்த கணக்கு

நம்மவர்கள் ஒரு விஷயத்தில் மிகவும் பெருமைப்படுவார்கள். "மெட்ராஸ் போனேன் ஸ்வாமி, லிட்டருக்கு 22 கொடுத்தது!" திரும்பி வந்த கணக்கைச் சொல்ல மாட்டார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னை கடற்கரை. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம்.

பள்ளியில் படித்த நிலை ஆற்றல் சூத்திரத்தைப் போடுவோம். ஆட்களோடு கார் 1,300 கிலோ. அதை 900 மீட்டர் தூக்க வேண்டிய சக்தி சுமார் ஒன்றேகால் கோடி ஜூலுக்குச் சற்றுக் குறைவு. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3.6 கோடி ஜூல் இருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஆக, சென்னையிலிருந்து நம் ஊருக்கு ஏறி வர, மற்றச் செலவுக்கு மேல் ஒரு லிட்டர் டீசல் அதிகம். சமதளத்தில் 21 கொடுக்கும் கார் 350 கிலோமீட்டருக்கு 16.7 லிட்டர் குடிக்கும். ஏறி வரும்போது 17.7 லிட்டர், மைலேஜ் 20-க்குக் கீழே இறங்கிவிடும். இறங்கிப் போகும்போது அந்த லிட்டரில் பெரும் பங்கு மிச்சமாகி 22 காட்டும். கார் ஒன்றே, டிரைவர் ஒருவரே. போக வர இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயமான கணக்கு.

என்னிடம் இருப்பதும் வாங்கிய பழைய டீசல் கார்தான், 2012 மாடல். பெயர் வேண்டாம், நல்ல வண்டி. அதிகாரபூர்வ எண் 23-ஐ ஒட்டியது. மூன்று வருஷமாக ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் நோட்டில் எழுதி வருகிறேன். ஊருக்குள் மட்டும் ஓட்டினால் 14 முதல் 15. மைசூர் ரோடில் 80-லேயே போனால் 20, 21. ஒரு தடவை மாப்பிள்ளை ஓட்டி, 100-ஐ விடாமல் பிடித்தார், 18-க்கு வந்துவிட்டது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80-லிருந்து 100-க்குப் போனால் அந்தத் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல்.

எண்ணை எப்படிப் பார்ப்பது?

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதில் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. 10-லிருந்து 15 ஆவதும் 20-லிருந்து 25 ஆவதும் ஒரே 5 தான் என்று மனசு சொல்லும். 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போடுங்கள். 10 கொடுக்கும் காருக்கு 10 லிட்டர். 15 கொடுப்பதற்கு 6.7 லிட்டர், மிச்சம் 3.3 லிட்டர். 20 கொடுப்பதற்கு 5 லிட்டர். 25 கொடுப்பதற்கு 4 லிட்டர். மிச்சம் ஒரே லிட்டர். நம் பர்ஸுக்குத் தெரிவது லிட்டர்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரே அளவுள்ள இரண்டு கார்கள். ஊருக்குள் பெட்ரோல் கார் 12, டீசல் கார் 15 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் பெங்களூரில் இருந்த விலையில், பெட்ரோல் சுமார் 103 ரூபாய், டீசல் சுமார் 91 ரூபாய். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 60 பைசா. டீசலில் 6 ரூபாய் 10 பைசா. மிச்சம் இரண்டரை ரூபாய்.

மாசம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வருஷத்தில் 45,000 ரூபாய் மிச்சம். அவர் தாராளமாக டீசல் வாங்கலாம். நம்மில் பெரும்பாலோர் மாசம் 300 கிலோமீட்டர் தாண்டுவதில்லை. கோவில், வங்கி, லைஃப் சர்டிஃபிகேட், எப்போதாவது ஒரு கல்யாணம். அவர்களுக்கு மிச்சம் வருஷத்துக்கு 9,000 ரூபாய். அதே மாடலில் டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் 60,000 என்றால், அது திரும்பி வரவே ஆறரை வருஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் இன்ஜெக்டரோ டர்போவோ கிளட்சோ ஒன்று போனால், சில வருஷ மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். அதற்குள் வண்டிக்கு 15 வயசாகி, மறுபதிவு வேறு வரும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது.

ஆகவே "என்ன மைலேஜ்?" என்று கேட்பதற்கு முன்னால், "நான் வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறேன்?" என்று கேளுங்கள். அந்த விடை எந்தக் கம்பெனியிடமும் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

1. அதிகாரபூர்வ எண்ணை இரண்டு கார்களை ஒப்பிட மட்டும் உபயோகியுங்கள். ஊருக்குள் ஓட்டுபவர் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு பட்ஜெட் போட்டால் ஏமாற்றம் இராது. என் நோட்டும் அதைத்தான் சொல்கிறது.

2. பழைய காரில் மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். சர்வீஸ் பில் ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கும். வரிசையாக வைத்துப் பாருங்கள். எண் ஒரே சீராக ஏற வேண்டும். பில்லே இல்லை என்றால் விலையில் அதைக் காட்டுங்கள்.

3. வண்டி ஆறியிருக்கும்போது, காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகிறதா, கறுப்போ நீலமோ புகை வருகிறதா என்று கவனியுங்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போவதற்கு ஆகும் செலவு வீண் அல்ல.

4. 2020-க்குப் பிறகு வந்த டீசல் கார் என்றால், அதில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். டி.பி.எஃப். என்பார்கள். சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அதற்கு நல்ல சூடு வேண்டும். நாலு கிலோமீட்டர் போய்க் காய்கறி வாங்கித் திரும்பினால் அந்தச் சூடு வராது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சின்னச் சின்ன தூரம் ஓட்டும் வீட்டுக்கு அந்த வண்டி ஒத்து வராது.

5. டில்லியில் இருக்கும் அன்பர்களுக்கு: 10 வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளைப் பற்றி அங்கே 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, அதன் பிறகு சுப்ரீம் கோர்ட்டிலும் பல கட்டங்கள் நடந்துவிட்டன. வாங்கும் அன்று நிலைமை என்ன என்று விசாரித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

6. வாங்கிய பிறகு, டாங்க் நிரம்பித் தானாக நிற்கும் வரை போடுங்கள், கிலோமீட்டரை எழுதுங்கள். அடுத்த தடவை அதே பங்க்கில், அதே போல நிரப்புங்கள். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். மூன்று தடவையாவது பார்த்துச் சராசரி எடுங்கள். 500 ரூபாய்க்குப் போட்டுவிட்டு முள்ளைப் பார்ப்பவர் மைலேஜைப் பற்றிப் பேசக் கூடாது. டயரில் காற்றை மாதம் இரு முறை பாருங்கள். இதைவிடச் சுலபமான மிச்சம் வேறு இல்லை.

ஒருவர் இங்கே வரும்போதே என்னிடம் கேட்டார்: "விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் வரவில்லை என்றால் கேஸ் போடலாமா?" போட்டு ஜெயித்தவர் உண்டு. திருச்சூரில் ஒரு பெண்மணி 2014-ல் ஃபோர்டு கிளாசிக் டீசல் கார் வாங்கினார். விளம்பரத்தில் 32 என்று இருந்தது. நிபுணர் ஓட்டிப் பார்த்ததில் 19.6 வந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022-ல் அவருக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. கவனியுங்கள்: வண்டி வாங்கியது 2014, தீர்ப்பு 2022. அதுவும் புதுக் கார், கையில் அச்சடித்த விளம்பரம் இருந்தது. பழைய காரை விற்பவர் வாய்வார்த்தையாகச் சொன்ன மைலேஜுக்கு எந்த ஆணையத்தில் போய் நிற்பது? வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போடுவது, எட்டு வருஷம் கோர்ட்டுக்கு நடப்பதைவிட எளிது.

என் நோட்டை எடுத்து வந்திருக்கிறேன். காபி நேரத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இப்போதே கார் வைத்திருப்பவர்கள் அடுத்த மூன்று மாதம் இதே போல எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மல்லேஸ்வரம், ஜயநகர், ராஜாஜி நகர் என்று இருபது பேருடைய கணக்கு சேர்ந்தால், வண்டி வாங்கப் போகும் நம் அன்பர்களுக்கு எந்த விளம்பரத்தையும்விட அது உபயோகமாக இருக்கும். வெளியூர்க் கிளைகளில் இருப்பவர்களும் எழுதி அனுப்பலாம். சமதளமான தஞ்சாவூரின் கணக்கையும் மலையேறும் ஊட்டியின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.